குகை மனிதர்கள் பேசிய மாகறல் தமிழ்

அம்முலுவுக்குத் தெரிந்த மொழிகள் இரண்டு. ஒன்று தமிழ். இன்னொன்றில் மொத்தமே ஏழு சொற்கள்தான். அந்த ஏழு சொல் மொழியைப் பேசுகிறவர்கள் இப்போது மூன்று பேர்: ஐம்பத்தெட்டு வயதாகும் அம்முலு, அவருடைய கணவர் எல்லப்பன், எதிர்வீட்டில் ஆடு வளர்க்கும் பாண்டியன். மூவரும் உத்திரமேரூர் பக்கம், மாகறலை அடுத்து, செய்யாற்றை ஒட்டிய ஒரே தெருவில் இருக்கிறார்கள்.

மூன்றாமவர் ஏழில் ஆறைத்தான் பேசுவார். "ஆறு தான் நம்முது. கடைசி ஒண்ணு அவங்க ரெண்டு பேருது. புருசன் பொண்டாட்டி பேசிக்கிறதுல நாம ஏன் தலய வுடணும்?" என்கிறார் பாண்டியன்.

1986-ஆம் ஆண்டு, பொங்கல் முடிந்த வாரத்தில் ஒரு சாயங்காலம், மாகறல் டென்ட் கொட்டாயில் அந்த மொழி பிறந்தது. அம்முலு புள்ளலூரில் பிறந்தவர். தாலி கட்டிக்கொண்டு வந்த முதல் பொங்கல் அது. மாமியார் வீட்டில் ஆள் நிறைய, இடம் குறைவு. கணவனும் மனைவியும் அதுவரை பேசிக்கொண்டது "தண்ணி குடு", "இந்தா" என்ற அளவில்தான். படத்துக்குப் போகலாம் என்று எல்லப்பன் சொன்னதே பெரிய பேச்சு. அங்கேயும் சேர்ந்து உட்கார முடியாது. மணல் தரை, நடுவில் இடுப்புயரத்துக்கு ஒரு சுவர், இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். ஒரே ஒரு புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்ற மாற்ற விளக்கைப் போடுவார்கள். விளக்கு எரியும்போதெல்லாம் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "முறுக்கு வோணுமா?" என்று எல்லப்பன் கையால் கேட்டார். அம்முலு தலையால் வேண்டாம் என்றார்.

பிட் நோட்டீஸில் படத்தின் பெயர் "ராட்சசப் பல்லியும் குகை ராணியும்" என்று இருந்தது. படத்தின் உண்மையான பெயர் என்ன என்று யாருக்கும் தெரியாது. வெளிநாட்டில் எடுத்து இருபது வருடமாவது ஆகியிருக்கும்; ஊர் ஊராகச் சுற்றி, கீறல் விழுந்து, கடைசியில் இங்கே வந்து சேர்ந்திருந்தது. இங்கிலீஷ் படம் என்றால் மெட்ராஸில் வேலை பார்த்துத் திரும்பிய யாராவது ஒருவர் முன்வரிசையில் எழுந்து நின்று கதை சொல்வது வழக்கம். அன்றும் ஒருவர் எழுந்து நின்றார். சொல்ல அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. படத்தில் யாரும் இங்கிலீஷ் பேசவில்லை. தோல் உடுத்திய குகை மனிதர்கள் உறுமினார்கள், கத்தினார்கள், நடுநடுவே ஏதோ ஒரு சொல்லைச் சொன்னார்கள். பேச்சு தெரியாத காலத்து மனிதர்களுக்காகப் படம் எடுத்தவர்களே இட்டுக்கட்டிய சொற்கள் அவை.

முதலில் ஒரு மலை. மலை மேல் புகை. கையில் ஈட்டியோடு சிலர் பாறைக்குப் பின்னால் பதுங்கியிருந்தார்கள். பாறைக்கு அந்தப் பக்கத்தில் அந்தப் பெரிய மிருகம் தலையைத் தூக்கியது. முன்னால் நின்ற தாடிக்காரன் கையை நீட்டி, "ஹங்கீட்டோ!" என்று அலறினான்.

ஆண்கள் பக்கத்திலிருந்து எல்லப்பனின் குரல் எழுந்தது.

"டேய்! 'அங்க கீது'ன்றான்டா!"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்தின் காதில் வேறு எதுவும் வேறு மாதிரி விழவில்லை.

"நம்மூரு ஆளுடா!" என்று எழுந்து நின்றார் பாண்டியன். "தெக்கத்திக்காரன் 'இருக்கு'ம்பான். இவன் நம்மள மாரி 'கீது'ன்றான் பாரு!"

"பல்லின்னு போட்டான், உடும்பு வுட்டுகிறான்!"

"உடும்பு முதுவுல வரட்டி சொருவிகிறான் பாரு, வரட்டி!"

உண்மையும் அதுதான். பொம்மை மிருகம் செய்யச் செலவாகும் என்று, நிஜ உடும்பு ஒன்றின் முதுகில் செதில்களை ஒட்டி, பக்கத்தில் சின்னச் சின்ன பொம்மை மரங்களை நட்டுப் பெரிதாகத் தெரிகிற மாதிரி எடுத்திருந்தார்கள். ஆற்றங்கரைப் புதர்களில் உடும்பைத் துரத்தி வளர்ந்த பையன்களை ஏமாற்ற முடியுமா? ஆனாலும் யாரும் எழுந்து போகவில்லை. தெரிந்த உடும்பு இவ்வளவு பெரிதாக வந்து நிற்பதுதான் தெரியாத மிருகத்தைவிடப் பயமாக இருந்தது என்கிறார் அம்முலு.

கூட்டத் தலைவனை ஒரு பெண் "நயானா" என்று கூப்பிட்டாள். "நைனாவாம்டா! அப்பன்காரன்!" குகையைக் காட்டி "ஊடா" என்றார்கள். வூடு என்று கொட்டாய்க்குப் புரிந்தது. தலைவன் இறைச்சியைக் கிழித்துத் தலைக்கு மேலே தூக்கி "மாகர்ரா!" என்று முழங்கியபோது, தங்கள் ஊர்ப் பெயரைத்தான் சொல்கிறான் என்று மாகறல்காரர்கள் விசில் அடித்து மணலை வாரி இறைத்தார்கள். பழையசீவரத்திலிருந்து வந்தவர்கள் மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தார்களாம். குகை ராணி உள்ளங்கையை உயர்த்தி "இன்னா!" என்றதும் தாடிக்காரன் அப்படியே நின்றான். நில் என்பதற்கு அவர்கள் வைத்த சொல் போலிருக்கிறது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "இன்னான்னு கேக்குறா, வாயத் தொறக்காம நிக்கிறான் பாரு. எல்லா ஊர்லயும் புருசன்காரன் இப்டித்தான் போல." மலை வெடித்து நெருப்பைக் கக்கியபோது எல்லோரும் "டும்பா! டும்பா!" என்று கத்திக்கொண்டே ஓடினார்கள். அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

ஏழாவது சொல் மூன்றாவது ரீலின் கடைசியில் வந்தது. ஆற்றங்கரை. தாடிக்காரன் ஈட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். குகை ராணி அவன் மார்பில் கையை வைத்து, மெல்ல, "லூமா" என்றாள். ரீல் முடிந்தது. விளக்கைப் போட்டுவிட்டார்கள். அடுத்த ரீலில் இருவரும் வேறெங்கோ இருந்தார்கள். நடுவில் என்ன நடந்தது என்று தெரியவில்லை. ஊர் ஊராகச் சுற்றிய படத்தில் அந்தத் துண்டு எங்கேயோ வெட்டுப்பட்டுப் போயிருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பெண்கள் முன்னால் நடந்தார்கள், ஆண்கள் பின்னால். எல்லப்பன் வேகமாக நடந்து மனைவி பக்கத்தில் வந்தார்.

"லூமான்னா இன்னாமே?"

"போவாதன்னு அர்த்தம்."

"சீ, வான்னு கூப்புடறா அவ. நாங்க அத்தினி பேரும் அப்டித்தான் சொன்னோம்."

"எங்க பக்கம் அத்தினி பேரும் போவாதன்னு தான் சொன்னாங்க. பொம்பள சொன்னா பொம்பளைக்குத் தெரியாதா?"

வீடு வரும்வரை சண்டை. அவர்கள் தொடர்ந்து பேசிய முதல் பேச்சு அதுதான்.

அதன் பிறகு அந்த ஏழு சொற்களும் வீட்டுக்குள் வந்துவிட்டன. ஆள் நிறைந்த வீட்டில் இருவருக்கு மட்டும் ஒரு மொழி இருப்பது வசதி. அடுப்பில் சோறு ஆயிற்றா என்பதற்கு "மாகரா?" மாமியார் வருகிறார் என்பதற்கு, அவர் காதில் விழாதபடி, "டும்பா." எல்லப்பன் வெளியூர் கரும்பு வெட்டுக்குப் போனால் திரும்ப மாதக்கணக்காகும். மூட்டையைத் தூக்கும்போது அவர் "லூமா" என்பார், வா என்ற பொருளில். அம்முலுவும் "லூமா" என்பார், போகாதே என்ற பொருளில். அவர் போய்விடுவார், இவர் நின்றுவிடுவார். ஊரில் அவருக்கு "அங்ககீது எல்லப்பன்" என்று பெயர் விழுந்தது. மகள் தமிழ்ச்செல்வி பிறந்தாள். ஊரில் மற்ற பிள்ளைகளைப் போலவே தகப்பனை "நைனா" என்றுதான் கூப்பிட்டாள்.

போன ஆடி மாதம் ஒரு காலை, பல் விளக்கிக்கொண்டிருந்த எல்லப்பன் அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்தார். ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி, ஊசி. கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. வலது கை பாதி வந்தது. பேச்சு வரவில்லை. சொன்னது புரிகிறது, சொல்ல வரவில்லை. வாயைத் திறந்தால் காற்றுதான். அறுபத்து மூன்று வயது வரை ஒரு தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசியவர் தன் மனைவியின் பெயரைச் சொல்ல முயன்று, முடியாமல், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தமிழ்ச்செல்வி ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். படப்பையில் மூன்றாவது மாடியில் வாடகை வீடு.

"ரெண்டு பேரும் எங்கூட வந்துடுங்கம்மா."

"மூணாவது மாடில நைனா எப்டி ஏறுவாரு?"

"ஏறிட்டா எறங்க வேணாம். வூட்லயே இருக்கட்டும்."

"அதான் சொல்றேன். ஏறிட்டா எறங்கவே மாட்டாரு."

"இங்க மட்டும்? நீ கழனிக்குப் போய்ட்டா யாரு பாப்பா? தாகம்னாகூட கேக்கத் தெரில அவருக்கு."

"நான் போவல கழனிக்கு."

"எத்தினி நாளிக்கு போவாம இருப்ப? போவாம உன்னால இருக்க முடியுமா?"

மாகறல் பக்கம் நடவு என்றால் வரிசை பிடிப்பவர் அம்முலுதான். அவர் எந்த வேகத்தில் பின்னால் போகிறாரோ அந்த வேகத்தில் மற்றப் பெண்கள் போவார்கள். அவர் இல்லாமல் ஒரு போகம் நடவு நடந்து முடிந்திருந்தது. வரிசை கோணலாகப் போயிருப்பதைத் தெரு முனையிலிருந்தே பார்த்துவிட்டு வந்து, யாரிடமும் சொல்லாமல் இருந்தார்.

"பொங்கல் வரிக்கும் பாக்கறேன்" என்றார் தமிழ்ச்செல்வி. "நைனா தனக்கு வேணும்ன்றத யாருகிட்டனா கேக்கற மாரி ஆயிட்டாரு, ஒரு நாள் பொழுது நீ இல்லாம இருந்துட்டாருன்னா, நான் வாயே தொறக்கல. இல்லன்னா கெளம்பணும்."

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண்ணின் பெயர் பூஜா. எல்லப்பனைவிட அம்முலுவைத்தான் அவர் அதிகம் பேசவைத்தார். "பேசற இடம் அடிபட்டிருக்கும்மா. ஆனா பாட்டு, திட்டு, சாமி பேரு மாதிரி வாய்க்கு ரொம்பப் பழகினது சில சமயம் தப்பிச்சு நிக்கும். அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் உள்ள போகணும். அப்படி ஏதாவது இருக்கான்னு பாருங்க."

பார்த்தார்கள். பாட்டு போட்டார்கள், எல்லப்பன் கேட்டார், வாய் அசையவில்லை. சாமி பெயர் சொன்னார்கள், கும்பிட்டார். பாண்டியன் எதிரே வந்து நின்று, எல்லப்பன் நாற்பது வருடமாகத் தன்னைத் திட்டிவந்த திட்டுகளை ஒவ்வொன்றாகத் தானே எடுத்துக் கொடுத்தார். "சொல்லு மச்சான், இத்தச் சொல்லு. இதாவது வருதா? எத்தினி வாட்டி சொன்னவன் நீ!" எல்லப்பன் சிரித்தார். சொல் வரவில்லை.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, எப்படிப் பேச ஆரம்பித்தீர்கள் இரண்டு பேரும் என்று பூஜா சும்மா கேட்டார். அம்முலு வெட்கப்பட்டுக்கொண்டே கொட்டாய் கதையைச் சொன்னார். பூஜா சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினீங்களா?"

பெயர் தெரியாத படத்தை எங்கே தேடுவது? ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச்செல்வி போனை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். குகை மனிதன், டைனோசர், பழைய படம் என்று கேட்டால் வந்துகொண்டே இருக்கிறது. எல்லாவற்றிலும் தோல் உடுத்திய பெண்கள்.

"இவளாம்மா?"

"இவ இல்ல. அவ மூக்கு நீளம்."

"இது?"

"இவ தலைய வாரிகினு கீறா. அவ வார மாட்டா."

"இது?"

"ஐயே, இது பொம்மைடி. எங்குளுது உடும்பு."

"உடும்பு வெச்சே எத்தினி படம் எடுத்துகிறானுங்க தெரியுமா? மத்தியானம் வரிக்கும் ஒரே உடும்பா பாத்துகினு கீறேன்."

பாண்டியனும் வந்து சேர்ந்துகொண்டார். முதுகில் வரட்டி சொருகிய உடும்பு வந்ததும் இருவரும் ஒன்றாகக் கையை நீட்டினார்கள். போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்துவைத்து, எல்லப்பனை எதிரே உட்காரவைத்தார்கள். மலை. புகை. பாறை. தாடிக்காரன் கையை நீட்டினான்.

போனில் இருந்தவனுக்கு ஒரு கணம் முந்தி, எல்லப்பனின் வாயிலிருந்து, கரகரப்பாக, ஆனால் தெளிவாக வந்தது:

"அங்க கீது!"

படம் அதுபாட்டுக்கு ஓடியது. எல்லப்பன் சுற்றிலும் பார்த்தார், வேறு யாரோ பேசியதுபோல. மறுபடி சொன்னார். "அங்க கீது." பாண்டியன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய் ஆடுகளைப் பார்ப்பதுபோல் நின்றார்.

"அவன் ஹங்கீட்டோன்றாம்மா. எந்தக் காதுல உங்குளுக்கு 'அங்க கீது'ன்னு கேட்டுது?" என்றார் தமிழ்ச்செல்வி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"உனக்குக் காது சரியில்ல. நைனாவக் கேளு."

அன்று சாயங்காலம் படத்தை மறுபடி போட்டபோதுதான் அம்முலு லூமாவைக் கவனித்தார். இணையத்தில் இருப்பது முழுப் படம். வெட்டுப்பட்ட துண்டும் அதில் இருந்தது. ஆற்றங்கரை, மார்பில் கை, "லூமா." தாடிக்காரன் வரவும் இல்லை, போகவும் இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தான். குகை ராணி அவன் காலைத் தூக்கி மடியில் வைத்து, பாதத்தில் இருந்த முள்ளைப் பிடுங்கினாள்.

"அட கடவுளே" என்றார் அம்முலு. "உக்காருன்னு சொல்லிகிறா."

எல்லப்பன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் வெளியூர் கிளம்பும்போதெல்லாம் இருவரும் ஒருவரையொருவர் உட்காரச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ஆனால் ஒரு சொல் வந்துவிட்டால் எல்லாம் வந்துவிடாது. பூஜா முன்பே எச்சரித்திருந்தார்: ஒன்றிலேயே சிக்கிக்கொள்வார், கோபப்படாதீர்கள். அப்படித்தான் ஆனது. தண்ணி வோணுமா என்றால் "அங்க கீது." வலிக்குதா என்றால் "அங்க கீது." நாஷ்டா துண்றியா என்றால் அதே. சொல்லச் சொல்ல அவருக்கே ஆத்திரம் வந்து தட்டைத் தள்ளிவிடுவார். அம்முலு பொறுக்கி எடுத்துவைப்பார்.

கார்த்திகை மாதம் ஒரு நாள், பாண்டியன் பார்த்துக்கொள்வதாகச் சொன்னதை நம்பி, அம்முலு உத்திரமேரூருக்கு மாத்திரை வாங்கப் போனார். எல்லப்பன் வேப்ப மரத்தடியில் நாற்காலியில் இருந்தார். கையை நீட்டி "அங்க கீது" என்றார்.

"ஆமா மச்சான்! அங்க கீது! எம்மாம் பெரிய உடும்பு!"

"அங்க கீது!"

"வரட்டி வேற முதுவுல! நீ தான முதல்ல கத்துன! மறப்பனா நானு?"

"அங்க கீது! அங்க கீது!"

பாண்டியன் கொட்டாய் கதை முழுவதையும் சொல்லி முடித்தார். எல்லப்பன் கை நீட்டியது வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கழிப்பறைப் பக்கம். கதை முடிவதற்குள் வேட்டி நனைந்துவிட்டது. அம்முலு வந்து பார்த்தபோது எல்லப்பன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பாண்டியன் தரையைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"நான் ஒரு முட்டாப்பயம்மா, தங்கச்சி. கதைன்னு நெனச்சிட்டேன்."

"வுடுணா. நானா இருந்தாலும் அப்டித்தான் நெனச்சிருப்பேன்."

போனில் தமிழ்ச்செல்வி செய்தியைக் கேட்டார். "போதும்மா. பொங்கலுக்கு வந்து கூட்டிகினு வந்துடறேன்" என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து அம்முலு தினமும் படத்தைப் போட்டார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை, விளக்கு வைத்த பிறகு ஒரு தடவை. இனிமேல் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பொருள்தான் என்று முடிவுசெய்தார். மாமியாரை ஏமாற்றப் பேசிய காலம் மாதிரி ஒன்றைப் பலதாக வளைக்கக் கூடாது. குகைத் தலைவன் இறைச்சியைத் தூக்கும்போது தட்டை எடுத்து எல்லப்பன் முன்னால் வைத்து "மாகரா" என்பார். படுக்கும்போது "வூடா." முதல் வாரம் முழுவதும் பதில் "அங்க கீது"தான். ஒரு மதியம், தாடிக்காரன் நின்ற இடத்தில், "இன்னா" வந்தது. அடுத்து "மாகரா." பாண்டியனும் தினமும் பாடத்துக்கு வந்து உட்கார்ந்தார். இந்த முறை கதை சொல்வதில்லை என்று அவருக்கு உத்தரவு.

கழிப்பறைக்கு மட்டும் சொல் இல்லை. அம்முலு யோசித்துக்கொண்டிருந்தார். எல்லப்பனே கண்டுபிடித்தார். மார்கழி மாதக் காலை ஒன்றில், நாற்காலியின் கையைப் பிடித்துப் பாதி எழுந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு, அவசரமாக, "டும்பா! டும்பா!" என்றார்.

பாண்டியன் ஒரு கணம் விழித்தார். பிறகு இரண்டே எட்டில் வந்து அவரைத் தாங்கிப் பிடித்தார். பின்பக்கம் போகும்வரை இருவரும் சிரித்த சிரிப்பில் நடையே தடுமாறியதாம். "மல வெடிச்சுதுன்னா ஓடித்தான ஆவணும்!" என்று பாண்டியன் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். எல்லப்பன் அதற்காக அவரைத் திட்டவேண்டும் என்று நினைத்தார், முடியவில்லை, செருப்பைத் தூக்கிக் காட்டினார்.

பொங்கல் வந்தது. தமிழ்ச்செல்வி விடுமுறை எடுத்துக்கொண்டு வந்தார், காலிப் பைகளோடு. அம்முலு ஒன்றே ஒன்று கேட்டார்: ஒரு நாள். நவரைப் போக நடவு தொடங்கிவிட்டது, ஒரு நாள் போய்விட்டு வருகிறேன். அப்பாவுக்குத் தெரியாமல் எதிர்வீட்டுக்குள் உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்துக்கொள். பாண்டியன் அண்ணனால் முடியவில்லை என்றால் சாயங்காலம் நானே துணி எடுத்து வைக்கிறேன்.

காணும் பொங்கலுக்கு மறுநாள் காலை அம்முலு முந்தானையைச் செருகிக்கொண்டு, சாப்பாட்டுத் தூக்கை வாசலில் வைத்துவிட்டு, எல்லப்பன் முன்னால் வந்து நின்றார்.

"கழனிக்குப் போறேன். பாண்டியண்ணன் கீறாரு. கேட்டு வாங்கித் துண்ணு, இன்னா?"

எல்லப்பன் அவரைப் பார்த்தார். உதட்டைக் கூட்டினார். படம் பார்க்கும்போதுகூட ஒரு தடவையும் வாய்க்கு வராத சொல் அது.

"லூமா."

நாற்பது வருடமாக, போகாதே என்றுதான் அம்முலுவுக்கு அதன் அர்த்தம். தமிழ்ச்செல்வியின் காலிப் பைகள் கொடியில் தொங்கின. "சரி, போவல" என்று முந்தானையை எடுத்துவிட்டார்.

எல்லப்பன் இல்லை என்று வேகமாகத் தலையாட்டினார். நாற்காலியைப் பிடித்து எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை போனார். இடது கையால் தூக்கை எடுத்தார். அதை அம்முலுவின் கையில் திணித்து, தெருவைக் காட்டி, மறுபடி சொன்னார்.

"லூமா."

பிறகு அந்தக் கையைத் திருப்பி, வீட்டைக் காட்டினார்.

போய்விட்டு வா.

அம்முலு போனார். திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் நடவு நடக்காது என்று தெரியும் அவருக்கு.

அன்று பகலில் நடந்ததைப் பாண்டியன் சொல்லித்தான் கேட்க வேண்டும். காலையில் ஒரு "மாகரா", இட்லி. சட்னி காரம், அதற்கு ஒரு "இன்னா!" பதினோரு மணி வாக்கில் ஒரு "டும்பா", தாமதமில்லாமல் போய் வந்தாயிற்று. பிறகு எல்லப்பன் எதிர்வீட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். கையை நீட்டினார்.

"அங்க கீது."

போன தடவை பட்ட பாடு பாண்டியனுக்கு நினைவிருந்தது. "டும்பாவா மச்சான்? மறுபடியுமா?"

எல்லப்பன் தலையை ஆட்டி மறுத்தார். நெஞ்சில் கையை வைத்து "நைனா" என்றார். ஜன்னலைக் காட்டினார்.

"நைனா... அங்க கீது."

பாண்டியன் திரும்பிப் பார்த்தார். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் தமிழ்ச்செல்வியின் முகம். எல்லப்பனை நைனா என்று கூப்பிடுவது ஒரே ஒருத்திதான்.

தமிழ்ச்செல்வி வெளியே வந்தார். "கண்டுபுடிச்சிட்டியா? காலையிலயே தெரியுமா உனக்கு?"

"அங்க கீது" என்றார் எல்லப்பன், விரலை நீட்டி, அதிகாரமாக.

"இங்க கீறேன் நைனா. தோ, இங்கதான் கீறேன்" என்று அவர் காலடியில் உட்கார்ந்தார் மகள்.

"உள்ள உக்காந்து உளவு பாக்குறா உம்பொண்ணு" என்றார் பாண்டியன். "இம்மாம் பெரிய உடும்பையே மொத ஆளாப் பாத்தவன்டி உங்கப்பன். உன்னப் பாக்க மாட்டானா?"

அம்முலு கால் முழுக்கச் சேற்றோடு சாயங்காலம் திரும்பி வந்தபோது, கொடியில் பைகள் இல்லை. எடுத்து வைத்துவிட்டாள், கிளம்புகிறோம் என்று நினைத்தார். வாசலிலேயே நின்றார். தமிழ்ச்செல்வி உள்ளேயிருந்து வந்தார், தோளில் ஒரே ஒரு பை.

"நாளைக்கு எனக்கு மொத ஷிப்ட்டு. கெளம்பறேன்மா."

"நாங்க?"

"நீங்க எதுக்கு? மூணு மாடி ஏறுறதுக்கு மின்னாடியே நைனா 'டும்பா'ன்னாருன்னா நான் எங்க ஓடுவேன்?"

எல்லப்பன் நாற்காலியிலிருந்து மனைவியைப் பார்த்து, தன் பக்கத்துத் தரையைக் காட்டி, "லூமா" என்றார். உட்கார் என்றுதான் இந்த முறை. அம்முலு உட்கார்ந்தார்.

ஆற்றோரக் கழனியில் அடுத்த நடவு திங்கட்கிழமை. வரிசை பிடிக்க அம்முலு போகிறார். ஆடுகளைத் தன் வீட்டு வாசலில் கட்டிவிட்டு, பாண்டியன் ஏழு மணிக்கு வந்துவிடுவார்.